பீரோவில் கிடக்கும் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது எப்படி

கேசட்டைக் கையில் எடுத்ததும் டேப் ரெக்கார்டரைத் தேடிப் போகாதீர்கள். முதலில் அதன் மேல்விளிம்பைப் பாருங்கள். இரண்டு மூலையிலும் நகக்கண் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் தாழ் இருக்கும். அது உடைபடாமல் இருந்தால் அந்தக் கேசட்டில் இன்றைக்கும் புதிதாகப் பதிய முடியும் என்று அர்த்தம். பழைய டூ-இன்-ஒன்னில் (ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் சேர்ந்த பெட்டி) ரெக்கார்டு பட்டன் சிக்கிக்கொண்டாலோ, பிளே அமுக்கும்போது பக்கத்துப் பட்டனிலும் விரல் பட்டாலோ பாட்டியின் குரல் இருந்த இடத்தில் மின்விசிறிச் சத்தம் பதிவாகிவிடும். டேப் தெரியும் வாய் கீழே இருக்குமாறு பிடித்தால், இடது கைப்பக்கத் தாழ் உங்களைப் பார்த்திருக்கும் பக்கத்துக்கு உரியது. சின்ன ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி இரண்டையும் உடைத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

கடையில் வாங்கிய பாட்டுக் கேசட்டில் இந்தத் தாழ் ஆரம்பத்திலிருந்தே இருக்காது. அந்த ஓட்டையின் மேல் செலோடேப் ஒட்டியிருந்தாலோ காகிதத்தைச் சுருட்டித் திணித்திருந்தாலோ, அதன்மேல் யாரோ வேறு எதையோ பதிந்திருக்கிறார்கள் என்று பொருள். மேலே பக்திப் பாடல் என்று அச்சடித்திருக்கும். உள்ளே வீட்டுக் காதுகுத்து இருக்கும். இப்படிப்பட்ட கேசட்டுகள்தான் "சினிமாப் பாட்டுதானே" என்று குப்பைக்குப் போகின்றன. செலோடேப்பை உரித்துவிட்டுத் தனியாக எடுத்து வையுங்கள்.

இனி வரிசை. இன்றைக்கு இணையத்தில் கிடைக்கும் சினிமாப் பாட்டுகளை மாற்றிக்கொண்டிருப்பது வீண் வேலை. ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கியவையும் பெரும்பாலும் அப்படித்தான். வேறெங்கும் கிடைக்காதவை எவை? வளைகுடாவிலிருந்து கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கேசட், கல்யாண நாதஸ்வரம், ஊர்க் கூத்து, வில்லுப்பாட்டு, ஒப்பாரி, பள்ளி ஆண்டு விழா. இவைதான் முக்கியம். ஆனால் வேலையை இவற்றிலிருந்து தொடங்காதீர்கள். போனால் போகட்டும் என்கிற நாலு சினிமாக் கேசட்டில் கை பழகிய பிறகு இவற்றுக்கு வாருங்கள்.

எந்த மெஷின்

வாக்மேன் வடிவில், யுஎஸ்பி வயரோடு விற்கும் மலிவான கன்வெர்ட்டரை வாங்க வேண்டாம். அதில் டேப்பை இழுக்கும் தண்டோடு சுழலும் சக்கரம் கனமில்லாதது. கனமில்லாத சக்கரத்தால் வேகத்தைச் சீராக வைத்திருக்க முடியாது. நீண்ட சுவரமாக ஊதும் நாதஸ்வரம் கேட்கும்போது இது உடனே தெரியும், ஒலி நடுங்கும். சிலவற்றில் ஒலி மோனோவாகத்தான் (இடது வலது பிரியாமல்) வரும், கம்ப்யூட்டரின் யுஎஸ்பி இரைச்சலும் கூடவே பதிவாகும். எவ்வளவு நல்ல மென்பொருள் வைத்திருந்தாலும் இதைத் திருத்த முடியாது.

பின்புறம் சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ சாக்கெட்டில் லைன் அவுட் (ஒலியை வேறு கருவிக்கு அனுப்பும் வெளியீடு) உள்ள கேசட் டெக் (ஸ்டீரியோவோடு இணைக்கும் தனி கேசட் மெஷின்) கிடைத்தால் அதுவே சிறந்தது. ஒரே திசையில் ஓடுவதாக இருந்தால் இன்னும் நல்லது; கேசட்டைத் திருப்பாமலே மறுபக்கமும் ஓடும் ஆட்டோ ரிவர்ஸ் டெக்குகளில் இரண்டு திசைக்கும் ஹெட் (டேப்பைத் தொட்டு ஒலியைப் படிக்கும் பாகம்) நிற்கும் கோணம் ஒன்றாக இருப்பது அரிது. டெக் இல்லையென்றால் நல்ல நிலையில் உள்ள டூ-இன்-ஒன் போதும். சில பழைய பிலிப்ஸ், நேஷனல் மாடல்களில் ஆர்சிஏவுக்குப் பதில் 5 பின் உள்ள வட்டமான டின் சாக்கெட் இருக்கும். அதில் 3, 5 ஆகிய பின்களில் இடது வலது ஒலி வெளியே வரும், 2 கிரவுண்டு. 1, 4 இரண்டும் பதிவுக்கானவை, அவற்றைத் தொட வேண்டாம்.

பரணில் பல வருடம் கிடந்த மெஷினில் பிளக்கைச் செருகுவதற்கு முன் மூடியைக் கழற்றி பெல்ட்டைப் பாருங்கள். தளர்ந்திருக்கும், அல்லது உருகிக் கரிய தார் மாதிரி புல்லியில் ஒட்டியிருக்கும். அந்தத் தார் விரலில் பட்டால் எளிதில் போகாது; கையுறை போட்டு, காது பட்ஸில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்து முழுவதும் துடைத்தெடுக்க வேண்டும். மிச்சம் வைத்தால் புதுப் பெல்ட்டும் வழுக்கும். பெல்ட் போகும் வழியில் ஒரு நூலைச் சுற்றி அளந்து, அந்த அளவில் 5 சதவீதம் குறைவான சுற்றளவுள்ள பெல்ட் வாங்குங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருக்களில் இன்னும் தேடினால் கிடைக்கிறது. கலவையாகப் பல அளவு பெல்ட்டுகள் உள்ள பாக்கெட்டாக வாங்கினால் ஏதாவது ஒன்று பொருந்திவிடும்.

அடுத்தது ஹெட். கேசட்டில் டேப் வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடுகிறது. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை அந்த நாடாவில் பிடிக்கும் நீளம் 5 மைக்ரானுக்கும் குறைவு. ஹெட்டுக்கும் நாடாவுக்கும் நடுவே 1 மைக்ரான் தடிமனில் அழுக்கு இருந்தால் அந்த ஒலி 11 டெசிபல் அளவுக்கு இறங்கிவிடும். தலைமுடியின் தடிமனோடு ஒப்பிட்டால் 1 மைக்ரான் ஒன்றுமே இல்லை. "பழைய கேசட், ஒலி மங்கித்தான் இருக்கும்" என்று சொல்லி விட்டுவிடும் பதிவுகளில் பல மங்கவே இல்லை, ஹெட்தான் அழுக்கு. ஆகவே பட்ஸில் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்து ஹெட்டின் முகத்தையும், அதன் பக்கத்தில் நிற்கும் ஊசி போன்ற எஃகுத் தண்டையும் (கேப்ஸ்டன்) பட்ஸில் பழுப்பு வராத வரை துடையுங்கள். மொபைல் சர்வீஸ் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். மருந்துக் கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் தண்ணீரும் வேறு சேர்மானங்களும் உண்டு, அது காய்ந்த பிறகு படலம் தங்கும். டேப்பைக் கேப்ஸ்டனோடு அழுத்தும் ரப்பர் ரோலரை மட்டும் ஆல்கஹாலில் ஊறவைக்காதீர்கள். ஒரு சொட்டு பாத்திர சோப்பு கலந்த தண்ணீரில் துடைத்து, வெறும் தண்ணீரில் இன்னொரு முறை துடைத்து, நன்றாக உலர விடுங்கள்.

பின்பு வேண்டாத கேசட் ஒன்றைப் போட்டு பத்து நிமிடம் கதவைத் திறந்து வைத்தே ஓடவிட்டு வலது பக்கச் சக்கரத்தைப் பாருங்கள். அது தயங்கித் தயங்கிச் சுற்றினாலோ நின்றாலோ உடனே நிறுத்துங்கள். கேப்ஸ்டன் டேப்பைத் தள்ளிக்கொண்டே இருக்கும். சுருட்ட வேண்டிய சக்கரம் சுருட்டாவிட்டால் அது ரப்பர் ரோலரைச் சுற்றி ஏறும். டேப் சிக்குவது இப்படித்தான். பெரும்பாலும் குற்றம் கேசட்டில் இருக்காது. தளர்ந்த பெல்ட்டிலோ பிசுபிசுத்த ரோலரிலோ இருக்கும்.

கேசட்டைத் தயார் செய்தல்

ஜன்னல் வழியாகப் பாருங்கள். சுருளின் ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகளோ மாவு பூத்த மாதிரியோ இருந்தால் பூஞ்சை. கடற்கரை ஊர்களிலும் மழைக்காலத்தில் ஒழுகிய வீடுகளிலும் இது சகஜம். இதை நல்ல மெஷினில் போட்டால் பூஞ்சை ஹெட்டுக்கும் அடுத்த கேசட்டுக்கும் பரவும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளோடு ஒன்றிரண்டு வாரம் மூடி வையுங்கள். பூஞ்சை காய்ந்து தூளாகும். அதன்பின் வீட்டுக்கு வெளியே, முகக்கவசம் போட்டுக்கொண்டு, மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டு, பென்சிலால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே நூல் பிரியாத மெல்லிய துணியை டேப்பின் மேல் படுமாறு பிடியுங்கள். தண்ணீரோ ஆல்கஹாலோ டேப்பில் படக்கூடாது.

அறுகோணப் பென்சிலை நடுத்துளையில் விட்டு ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் கேசட்டின் தட்டையான பக்கத்தை உள்ளங்கையில் நாலு தட்டு தட்டுங்கள். ஒரு பக்கம் ஏறிப்போயிருந்த சுருள் இறங்கி உட்காரும். பிறகு ஒரு கடைசியிலிருந்து மறு கடைசி வரை ஒருமுறை ஓட்டித் திருப்பிச் சுற்றுங்கள். வருடக்கணக்கில் அசையாமல் ஒட்டிக்கிடந்த அடுக்குகள் இதில் விலகும். பதியும்போது கீச்சென்று கத்துவது குறையும். சி-60, சி-90 டேப்புக்கு (எண், இரண்டு பக்கமும் சேர்த்து ஓடும் நிமிடம்) இதில் பயமில்லை. சி-120 நாடா 9 மைக்ரான்தான் இருக்கும், வேகமாக ஓட்டினால் இழுபட்டுவிடும். அதை மெஷினில் போட்டு ரீவைண்ட் செய்யாமல் பென்சிலாலேயே சுற்றுங்கள், பொறுமையாக.

வாயின் நடுவே தகட்டின் மேல் ஒரு சின்ன ஃபெல்ட் துண்டு தெரிய வேண்டும். டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். பசை காய்ந்து அது உதிர்ந்துபோன கேசட்டில் ஒலி வந்து வந்து போகும். வேண்டாத கேசட்டிலிருந்து தகடோடு சேர்த்து எடுத்து மாற்றுவது ஐந்து நிமிட வேலை.

மாற்ற வேண்டுமென்றால் கேசட்டின் வெளிக்கூட்டை, அதாவது பிளாஸ்டிக் ஓட்டை, திறக்க வேண்டும். ஐந்து சின்ன ஸ்க்ரூ. ஸ்க்ரூ தெரியும் பக்கம் மேலே இருக்க மேசையில் படுக்கவைத்து, கழற்றி, மேல்மூடியை நேராகத் தூக்குங்கள். சாய்த்தால் இரண்டு உருளைகளும் சுருளும் மேசையில் உருளும். திறந்ததும் முதல் வேலையாக செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். டேப் எந்த உருளைக்கு வெளியே போகிறது, வழுவழுப்பான மெல்லிய தாள் எப்படிக் கிடக்கிறது என்பதெல்லாம் மூடும்போது மறந்துபோகும். ஸ்க்ரூ இல்லாமல் ஒட்டிய ஓடாக இருந்தால் விளிம்பில் கத்தி வைத்து மெல்லத் தட்டிப் பிளக்க வேண்டும். அந்த ஓடு திரும்ப உதவாது. சுருளை இரண்டு சக்கரத்தோடும் அப்படியே தூக்கி, ஸ்க்ரூ உள்ள வேறொரு கேசட்டின் ஓட்டுக்குள் இறக்கிவிடுங்கள்.

அறுந்த டேப்பை ஒட்ட செலோடேப் வேண்டவே வேண்டாம். வெயில் காலத்தில் அதன் பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும். கேசட்டுக்கென்றே விற்கும் ஸ்ப்ளைசிங் டேப் தேவை. இரண்டு முனையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சாய்வாக ஒரே வெட்டாக வெட்டி, இடைவெளியோ மேற்கவிவோ இல்லாமல் முனையோடு முனை வைத்து, ஹெட்டைத் தொடாத உள்பக்கத்தில் ஒட்டுங்கள். வெளியே நீட்டியிருக்கும் ஓரத்தை பிளேடால் சீவிவிடுங்கள்.

ஹெட் அட்ஜஸ்ட்

முழு வேலையிலும் அதிகப் பலன் தருவது இதுதான், பலர் தாண்டிப் போவதும் இதைத்தான். ஹெட்டில் ஒரு மெல்லிய கீறல் இடைவெளி இருக்கிறது. அது டேப் ஓடும் திசைக்குச் சரியாகச் செங்குத்தாக நிற்க வேண்டும். உங்கள் சித்தப்பா வீட்டு டூ-இன்-ஒன்னில் ஹெட் கொஞ்சம் சாய்ந்திருந்தால் பதிவும் அதே சாய்வோடுதான் விழுந்திருக்கும். இப்போது நேராக நிற்கும் ஹெட்டில் அதை ஓட்டினால் மேல் ஒலிகள் மறைந்து, போர்வைக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்கும். பதிந்த மெஷின் எப்படிச் சாய்ந்திருந்ததோ அப்படியே உங்கள் ஹெட்டையும் சாய்க்க வேண்டும். ஒவ்வொரு கேசட்டுக்கும், சில சமயம் ஒவ்வொரு பக்கத்துக்கும்.

ஹெட்டின் இருபுறமும் ஸ்க்ரூ இருக்கும். ஒன்று இறுக்கமாக நிற்கும், மற்றொன்றின் கீழே ஸ்பிரிங் இருக்கும். ஸ்பிரிங் உள்ளதுதான் உங்களுக்கு வேண்டியது. கேசட் கதவின் முன்மூடியைக் கழற்றினால் பெரும்பாலான டெக்குகளில் அது கைக்கு எட்டும். பல டூ-இன்-ஒன்களில் கதவுக்குக் கீழே இதற்கென்றே ஒரு துளை இருக்கும். திருப்புவதற்கு முன் ஸ்க்ரூ தலையிலும் பக்கத்திலும் சேர்த்து நகப்பூச்சால் ஒரு கோடு போடுங்கள், பழைய நிலைக்குத் திரும்ப அது வேண்டும். காந்தம் ஏறாத ஸ்க்ரூ டிரைவராக இருக்கட்டும்.

டேப்பை ஓடவிட்டு, ஹெட்போனில் கேட்டுக்கொண்டே எட்டில் ஒரு பங்கு சுற்று இப்படி, எட்டில் ஒரு பங்கு அப்படி. பேச்சாக இருந்தால் "ச", "ஸ" ஒலிகளைக் கவனியுங்கள். பாட்டாக இருந்தால் ஜால்ராவை. திருப்பத் திருப்ப ஒலி மங்கி, பிறகு திடீரென்று திறந்துகொள்ளும். அதைத் தாண்டினால் மறுபடி மங்கும். திறந்த இடத்தில் நிறுத்துங்கள். இரண்டு சேனலையும் மோனோவாகச் சேர்த்துக் கேட்டால் இந்த வித்தியாசம் இன்னும் துல்லியமாகத் தெரியும். சந்தேகம் இருந்தால் ஐந்து வினாடி பதிந்து, ஆடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருளில் நன்றாகப் பெரிதாக்கி, இடது வலது அலைகளின் முகடுகள் நேருக்கு நேர் நிற்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று முந்தியோ பிந்தியோ இருந்தால் இன்னும் திருப்ப வேண்டும். அரைச் சுற்றுக்கு மேல் திருப்ப வேண்டி வந்தால் நிறுத்திவிட்டு ஹெட்டை மறுபடி துடைத்துப் பாருங்கள், காரணம் அங்கே இருக்கலாம்.

டேப் இரைச்சலைக் குறைக்கும் டால்பி பொத்தானும் இங்கேதான் வருகிறது. வீட்டு டூ-இன்-ஒன்னில் பதிந்த எதற்கும் டால்பி வேண்டாம். இரைச்சல் குறைகிறதே என்று அதைப் போட்டால் மேல் ஒலியும் சேர்ந்து போகும். அட்டையில் டால்பி முத்திரை உள்ள கேசட்டுக்கு மட்டும் போடுங்கள், அதுவும் ஹெட்டைச் சரிசெய்த பிறகு.

இணைப்பும் பதிவும்

லேப்டாப்பின் பக்கவாட்டில் இருக்கும் ஒற்றை ஜாக்கில் டெக்கைச் சொருகாதீர்கள். அது ஹெட்செட் மைக்குக்கானது. மோனோ, பலவீனமான மைக் ஒலியைப் பல மடங்கு பெருக்குவது, போதாததற்கு மைக்குக்கு மின்னழுத்தம் வேறு தரும். லைன் அவுட்டை அதில் கொடுத்தால் ஒலி கிழிந்துதான் வரும். ஆர்சிஏ உள்ளீடு உள்ள ஒரு யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்குங்கள். பெரிங்கர் யூசிஏ202 அல்லது 222 போதும். அது 16 பிட், 48,000 ஹெர்ட்ஸ் வரைதான் என்று தயங்க வேண்டாம். கேசட்டின் மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் இடையிலுள்ள தூரம் 16 பிட்டில் தாராளமாக அடங்கும். கையில் 24 பிட் இன்டர்ஃபேஸ் இருந்தால் அதில் 24 பிட், 48,000 வைத்துக்கொள்ளுங்கள். டூ-இன்-ஒன்னின் ஹெட்போன் துளையிலிருந்து எடுப்பதாக இருந்தால் வால்யூமை மூன்றில் ஒரு பங்கில் வைத்து, பாஸ் பூஸ்ட், ஈக்வலைசர் எல்லாவற்றையும் நடுநிலைக்குக் கொண்டுவாருங்கள்.

விண்டோஸில் சவுண்ட் அமைப்புக்குப் போய் அந்த உள்ளீட்டை 2 சேனல், 48,000 ஹெர்ட்ஸ் என்று மாற்றி, ஆடியோ என்ஹான்ஸ்மென்ட் எதுவும் இருந்தால் அணைத்துவிடுங்கள். பேச்சு அழைப்புக்காகச் செய்த இரைச்சல் நீக்கி, தம்பூராவை இரைச்சல் என்று நினைத்து அழித்துவிடும். ஆடாசிட்டியிலும் அதே உள்ளீடு, ஸ்டீரியோ, 48,000.

"ம்ம்" என்று கரண்ட் இரைச்சல் கேட்டால் முதலில் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அதோடு போய்விடும். போகாவிட்டால் டெக்கையும் லேப்டாப்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் சொருகுங்கள், ஆடியோ வயரை டெக்கின் டிரான்ஸ்பார்மர் இருக்கும் மூலையிலிருந்து தள்ளி வையுங்கள்.

அளவு: கேசட்டில் மிகச் சத்தமான இடத்தைத் தேடி ஓடவிட்டு, மீட்டரின் உச்சம் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையில் நிற்குமாறு வையுங்கள். 0-வைத் தொட்டால் அலையின் தலை வெட்டுப்பட்டுவிடும், திரும்ப வராது. குறைவாகப் பதிந்தால் பிறகு உயர்த்திக்கொள்ளலாம். நாதஸ்வரம், தவில் உள்ள கேசட்டுக்கு மைனஸ் 12 பக்கமே வையுங்கள். தவில் எப்போது எகிறும் என்று சொல்ல முடியாது.

கம்ப்யூட்டர் தூங்கிப் போகாதபடி ஸ்லீப்பை அணைத்துவிட்டு, முதலில் ஆடாசிட்டியில் ரெக்கார்டு, பிறகு டெக்கில் பிளே. ஒரு பக்கம் முழுவதும் நிறுத்தாமல் ஒரே பதிவாக. நடுவில் காலியாகக் கிடக்கிறது என்று நிறுத்திவிடாதீர்கள். பத்து நிமிட மௌனத்துக்குப் பின் யாரோ பேசத் தொடங்குவது வீட்டுக் கேசட்டில் அடிக்கடி நடக்கும். 24 பிட், 48,000 ஸ்டீரியோ என்றால் நிமிடத்துக்கு 17 எம்பி ஆகும். சி-60 ஒன்றுக்கு சுமார் 1 ஜிபி, சி-90-க்கு ஒன்றரை. முடிந்ததும் கேசட்டை வெளியே எடுக்குமுன் பதிவின் தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் கேட்டுப் பாருங்கள். பாதியில் ஒலி மங்கியிருந்தால் ஹெட்டில் டேப்பின் பழுப்பு ஏறிவிட்டது. துடைத்து அந்தப் பக்கத்தை மறுபடி ஓட்ட வேண்டும்.

பின்னணியில் தலைகீழாகப் பேசுவது கேட்டால் அது பேய் இல்லை, கேசட்டின் மறுபக்கம். ஹெட்டின் உயரம் தவறியிருக்கிறது. பாட்டு தொடங்குமுன்பே அதன் மெல்லிய எதிரொலி கேட்டால், சுருளில் அடுத்தடுத்த சுற்றுகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பதிந்துகொண்டது. அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

வேகம்

டெக் சரியான வேகத்தில் ஓடுகிறதா என்று பார்க்க, அடிபடாத மூன்று சினிமாக் கேசட்டிலிருந்து மூன்று பாட்டின் நீளத்தை எடுத்து, இணையத்தில் உள்ள அதே பாட்டின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். 4 நிமிடம் 30 வினாடிப் பாட்டு 4 நிமிடம் 22 வினாடியில் முடிந்தால் டெக் 3 சதவீதம் வேகம். மூன்றும் ஒரே மாதிரி காட்டினால் மோட்டாரின் பின்புறத் துளைக்குள் இருக்கும் சின்ன ஸ்க்ரூவை மயிரிழை திருப்பிச் சரிசெய்யலாம்.

டெக் சரி, கேசட் மட்டும் வேகம் என்றால் பதிந்த மெஷினில் கோளாறு. கரண்டில் ஓடிய டேப் ரெக்கார்டரில் பதிந்ததாக இருந்தால் அதற்குள்ளேயே ஓர் அளவுகோல் இருக்கிறது: கரண்ட் இரைச்சல். யாரும் பேசாத ஒரு பகுதியைத் தேர்ந்து, ஆடாசிட்டியின் பிளாட் ஸ்பெக்ட்ரத்தில் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் வரைபடம்) சைஸ் 65536 வைத்துப் பார்த்தால் 50 ஹெர்ட்ஸ் அருகே ஒரு கூர்முனை தெரியும். மிகச் சரியாக 50-ல் நிற்பது உங்கள் டெக்கின் இன்றைய இரைச்சலாக இருக்கலாம். தள்ளி நிற்பதுதான் அன்றைக்குப் பதிவானது. அது 53-ல் இருந்தால் பதிவு 6 சதவீதம் வேகமாக ஓடுகிறது, வேகத்தை மைனஸ் 5.66 சதவீதம் மாற்ற வேண்டும். இரண்டு எச்சரிக்கை. எண்பது, தொண்ணூறுகளில் நம் கரண்டின் அதிர்வெண் 48, 49-க்கெல்லாம் இறங்கும். ஆகவே ஒன்றிரண்டு சதவீத வித்தியாசத்துக்கு இதை நம்ப வேண்டாம், காதை நம்புங்கள். இன்னொன்று, சவூதியிலிருந்து வந்த பேச்சுக் கேசட்டில் 60-ஐத் தேடுங்கள். அங்கே கரண்ட் 60 ஹெர்ட்ஸ். துபாய், குவைத், கத்தார் எல்லாம் நம்மைப் போல 50.

பேட்டரி தீரத் தீரப் பதிந்த கேசட்டில் போகப் போகக் குரல் கீச்சுக் குரலாகும். மெஷின் மெதுவாக ஓடியபோது பதிந்ததை இப்போது சீரான வேகத்தில் ஓட்டுவதால் வருவது அது. ஆடாசிட்டியின் ஸ்லைடிங் ஸ்ட்ரெட்சில் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் தனித்தனி அளவு கொடுத்து ஓரளவு நேராக்கலாம்.

சுத்தமும் சேமிப்பும்

எதைத் தொடுவதற்கும் முன் பதிந்ததை அப்படியே வேவ் கோப்பாகச் சேமித்து ஒதுக்கி வையுங்கள். மாற்றமெல்லாம் நகலில்தான். நாளைக்கு இதைவிட நல்ல இரைச்சல் நீக்கி வரும். அன்றைக்கு உங்களுக்கு வேண்டியது தொடாத பதிவு.

டூ-இன்-ஒன்னின் ஒற்றை மைக்கில் பதிந்தது மோனோதான், ஸ்டீரியோ டெக்கில் அது இரண்டு சேனலிலும் வரும். இரண்டையும் கலக்காமல் பிரித்துத் தனித்தனியே கேளுங்கள். டேப்பின் ஓரம் கசங்கியிருந்தால் ஒன்று விட்டுவிட்டு வரும், மற்றது முழுசாக இருக்கும். நல்லதை மட்டும் வைத்துக்கொண்டால் பாதி இரைச்சல் வேலை அங்கேயே முடிந்துவிடும்.

இரைச்சல் நீக்க, பேச்சில்லாத இரண்டு வினாடியை மாதிரியாக எடுத்து, 6 முதல் 9 டெசிபல் வரை மட்டும் குறையுங்கள். ஆடாசிட்டி அதற்கு மேலும் அனுமதிக்கும். 20 வைத்தால் இரைச்சல் முழுக்கப் போய்விடும்தான், ஆனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலக் குமிழியிடும். கொஞ்சம் "ஸ்ஸ்" என்று கேட்டால் காது ஐந்து நிமிடத்தில் பழகிவிடும், குமிழிக்குப் பழகாது.

பாட்டு மாறும் இடத்தில், பேசுகிறவர் மாறும் இடத்தில் கன்ட்ரோல் பி அமுக்கி லேபிள் போட்டு, லேபிள் வாரியாகத் தனித்தனிக் கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். பாதுகாக்க, தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக்; வாட்ஸ்அப்பில் அனுப்ப எம்பி3. கேசட்டின் மேல் மார்க்கரால் ஓர் எண்ணை எழுதி, அதே எண்ணையும் பக்கத்தையும் கோப்பின் பெயரில் முதலில் வையுங்கள்: 017-அ, 017-ஆ என்று. அட்டையின் இரண்டு புறத்தையும், கேசட்டின் இரண்டு லேபிளையும் படம் எடுத்து அதே ஃபோல்டரில் போடுங்கள். பென்சிலில் கிறுக்கிய தேதி ஒன்று போதும், யார் குரல் என்று கண்டுபிடிக்க. எல்லாவற்றையும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள்.

கேசட்டைத் தூக்கி எறியாதீர்கள். ஒரு கடைசி வரை சுற்றி, பெட்டிக்குள் போட்டு, நிமிர்த்தி அடுக்குங்கள். ஸ்பீக்கர் பக்கத்தில் வேண்டாம். அடுத்த கேசட்டைப் போடுவதற்கு முன் நகப்பூச்சுக் கோட்டுக்கு ஹெட் ஸ்க்ரூவைத் திருப்பிவிட்டு, பட்ஸை எடுங்கள். பழுப்பு மறுபடி படிந்திருக்கும்.